குட்டைத் தையலோடு நின்றுவிட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குரோஷே ஊசியைப் புதிதாகக் கையில் எடுத்து, சங்கிலியும் குட்டைத் தையலும் பழகி, அதற்கு மேலே போகத் தயங்கி நிற்கும் சகோதர சகோதரிகளுக்கு,



சங்கிலி போடக் கற்ற அன்று உண்டான உற்சாகமும், முதல் சதுரத் துண்டை முடித்து வீட்டாரிடம் காட்டியபோது உண்டான பெருமிதமும் நாளடைவில் தணிந்துபோக, அதே குட்டைத் தையலை வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டு, அடுத்த பாடத்தைத் திறந்து பார்க்கவே மனம் வராமல் இருப்பவர்கள் அநேகர் உண்டு என்பதை, இந்தப் பின்னல் வேலை பழகும் இடங்களிலெல்லாம் நான் கவனித்து வந்திருக்கிறேன். காரணம் கேட்டால், நூலை ஊசியில் இரண்டு தடவை சுற்ற வேண்டுமாம், நான்கு கண்ணிகளை ஏககாலத்தில் ஊசியில் வைத்துக் காக்க வேண்டுமாம், அதெல்லாம் கை தேர்ந்தவர்களுக்கு உரிய வித்தையாம் என்று பதில் வருகிறது. இந்த அபிப்பிராயத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்படி இரண்டு சுற்றுச் சுற்றிப் போடும் நெட்டைத் தையலைக் கடைசிப் பாடமாக ஒதுக்கி வைக்கும் வழக்கந்தான் பலரையும் இந்தக் கலையின் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதும், அதை முதல் மாதத்திலேயே பழகிவிடுகிறவர்களுக்கு மற்றவை யாவும் சுலபமாகிவிடுகின்றன என்பதும் என்னுடைய திடமான எண்ணம். அதை உங்களிடம் விரிவாகச் சொல்லவேண்டுமென்றே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

குட்டைத் தையலின் சுபாவம் நெருக்கம். ஒவ்வொன்றும் தன் அண்டையில் உள்ளதோடு ஒட்டிக்கொண்டுவிடுவதால், எது தையல், எது இடைவெளி, ஊசியை எந்தக் கண்ணியில் நுழைப்பது என்பது பழகிய கண்ணுக்கன்றிப் புதிய கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே புதிதாகப் பழகுபவர் கையால் தடவி, உத்தேசமாக ஓர் இடத்தில் ஊசியைச் செலுத்தி, வரிசை முடிவில் எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடியோ குறைந்தோ இருப்பதைக் கண்டு மனம் சோர்கிறார். நெட்டைத் தையலோ தனித்தனியே நிமிர்ந்து நிற்பது. அதன் தலையில் சங்கிலியைப் போன்ற இரட்டை இழை படுத்திருப்பதையும், அதன் உடலில் இரண்டு சிறிய கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருப்பதையும், அதன் பாதம் கீழ் வரிசைத் தையலின் தலைக்கு அடியில் புகுந்திருப்பதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் யாரும் காணலாம். அந்தக் கீற்றுகளே நீங்கள் ஊசியில் சுற்றிய சுற்றுகள். ஒரு முறை சுற்றிப் போட்ட தையலின் உடலில் ஒரு கீற்று. இரு முறை சுற்றியதில் இரண்டு. மூன்று முறை சுற்றியதில் மூன்று. பிறர் பின்னிவைத்த துணியை எடுத்துப் பார்த்து அது எப்படிப் பின்னப்பட்டது என்று கண்டறியும் சாமர்த்தியம், இந்தக் கீற்றுகளை எண்ணிப் பார்ப்பதில்தான் ஆரம்பமாகிறது. நெட்டைத் தையல் இவ்வாறு தன் இரகசியம் முழுவதையும் பிரத்தியட்சமாகக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, அதை விட்டுவிட்டு, ஒன்றையும் காட்டாத குட்டைத் தையலிலேயே மாதக்கணக்கில் உழலுவது என்ன நியாயம்?

பூர்வாங்கமாகச் சாமான்களைப் பற்றிச் சில வார்த்தைகள் போதும். 4 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி ஒன்றும், அதற்கு ஏற்ற நடுத்தரக் கனமுள்ள நூலும் வாங்கிக்கொள்ளுங்கள். நூல் வெளிர் நிறமாகவும், முறுக்குப் பிரியாததாகவும் இருக்கட்டும். கறுப்பு நூலிலோ கருநீல நூலிலோ நான் சொன்ன கீற்றுகள் கண்ணுக்கு அகப்படமாட்டா. மேசை விரிப்புகளில் காணும் மெல்லிய லேஸ் வேலையில் ஆசை வைத்து 40ஆம் நம்பர் நூலும் எஃகு ஊசியும் வாங்கிவந்து தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்பதை நினைவில் வைத்து, அந்த ஆசையைச் சற்றுக் காலம் தள்ளிவைப்பது உசிதம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 18 சங்கிலி போட்டுக்கொள்ளுங்கள். சங்கிலி இறுகிவிடும் கையானால், அதை மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியில் போடுவது நல்லது. அடி இறுகினால் துண்டின் கீழ்விளிம்பு குறுகி, மேலே போகப் போக விரிந்துவிடும். ஊசியில் ஒரு கண்ணி இருக்கிறது. நூல் ஊசியின் பின்புறமிருந்து மேலே ஏறி முன்புறம் இறங்கும்படி இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுகள் நழுவிவிடாமல் ஆள்காட்டி விரலின் நுனியால் மெல்லத் தாங்கிக்கொண்டு, ஊசியிலிருந்து எண்ணினால் ஐந்தாவதாக வரும் சங்கிலிக்குள் ஊசியைச் செலுத்தி, நூலைக் கொக்கியில் பற்றி, இப்புறம் இழுங்கள். இப்பொழுது ஊசியில் நான்கு கண்ணிகள் இருக்க வேண்டும். மூன்றே இருந்தால் ஒரு சுற்று எங்கோ நழுவிவிட்டது என்று அர்த்தம். பிரித்து மறுபடியும் தொடங்குவதில் சங்கோசம் வேண்டாம். நான்கும் இருந்தால், நூலை ஒரு முறை சுற்றி முதல் இரண்டு கண்ணிகளின் வழியே இழுக்க, மூன்று மிஞ்சும். மறுபடி சுற்றி அடுத்த இரண்டின் வழியே இழுக்க, இரண்டு மிஞ்சும். மறுபடியும் சுற்றி இழுக்க, ஒன்றே மிஞ்சும். தையல் முடிந்தது.

இதிலே உங்களுக்குத் தெரியாதது ஏதேனும் இருக்கிறதா என்று தயவு செய்து நிதானமாக யோசித்துப் பாருங்கள். குட்டைத் தையலில் இரண்டு கண்ணிகளின் வழியே ஒரு தடவை இழுத்தீர்கள். ஒரு சுற்றுத் தையலில் அதையே இரண்டு தடவை செய்வார்கள். இங்கே மூன்று தடவை செய்கிறோம். இன்னும் உயரமான தையல்களெல்லாம் இதே காரியத்தை நான்கு, ஐந்து என்று நீட்டிக்கொண்டு போவனவே தவிர வேறில்லை. நான்கு கண்ணிகளைக் கண்டு அஞ்சுபவர், எந்தக் கணத்திலும் தாம் கவனிக்க வேண்டியவை ஊசியின் முனைக்கு அருகில் உள்ள இரண்டே கண்ணிகள்தாம் என்பதை உணர்ந்துவிட்டால், அந்த அச்சம் அக்கணமே நீங்கிவிடும்.

ஆனால் தையலைப் போட்டுவிடுவது வேறு, அதை லட்சணமாகப் போடுவது வேறு. நெட்டைத் தையலின் லட்சணம் இரண்டு காரியங்களைப் பொறுத்தது. அவற்றை யாரும் போதிய அழுத்தத்தோடு சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை. முதலாவது, சங்கிலிக்குள்ளிருந்து முதன்முதலாக இழுத்து எடுக்கிறீர்களே அந்தக் கண்ணி. தையலின் உயரத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமே தீர்மானிப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அதே ஊசியிலும் அதே நூலிலும் இருவர் போட்ட இரண்டு சுற்றுத் தையல்கள் உயரத்தில் வித்தியாசப்படுவதற்கு, இந்த முதற்கண்ணியை ஒருவர் இழுத்து நிமிர்த்துவதும் மற்றொருவர் அடியோடு இறுக்கிவிடுவதுமே பிரதான காரணம். அதை ஊசி கிடக்கும் மட்டம் வரை தாராளமாக உயர்த்திக்கொண்டு, பிறகே இரண்டிரண்டாக இழுக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே அளவு உயர்த்த வேண்டும். இரண்டாவது, சுற்றுகளைச் சுற்றும் இடம். ஊசியின் கழுத்து மெலிந்தது, உடல் பருத்தது. கழுத்திலே சுற்றியவை சிறுத்துப்போய், கொக்கி அவற்றில் சிக்கிக்கொள்ளும். உடலிலே தொளதொளவென்று சுற்றியவை பெருத்துப்போய், தையலின் மேற்பாதியில் ஒரு கண்ணி வாய் பிளந்து தொங்கும். ஊசியின் உடலில், அதன் பருமனோடு ஒட்டினாற்போல், ஆனால் நெரிக்காமல் சுற்ற வேண்டும்.

அந்த 'ஒட்டினாற்போல், ஆனால் நெரிக்காமல்' என்பது எந்த அளவு என்று கேட்பீர்கள். பூத் தொடுத்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதே இல்லை: நார் தளர்ந்தால் பூ நழுவும், இறுக்கினால் காம்பு அறுந்துபோகும், இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தை விரல்கள் தாமாகவே அறிந்துகொள்கின்றன. அந்தப் பதம் இடது கையில் இருக்கிறது. நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற விரல்களுக்கு அடியில் விட்டு, ஆள்காட்டி விரலின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டால் நூல் ஒரே சீராக ஓடிவரும். ஊசியைப் பென்சில் பிடிப்பதுபோல் பிடிப்பதா, கத்தி பிடிப்பதுபோல் பிடிப்பதா என்று ஒரு வாதம் உண்டு. இரண்டு வகையிலும் சிறந்த வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். மணிக்கட்டு வலிக்காத வகை எதுவோ அதுவே உங்கள் வகை. இடது கைப் பழக்கமுள்ளவர்கள் ஊசியை இடது கையிலேயே பிடித்து, எல்லாவற்றையும் கண்ணாடியில் காண்பதுபோல் மாற்றிச் செய்யலாம்; அவர்களை வலது கைக்கு மாறும்படி வற்புறுத்துவது அநாவசியமான கொடுமை.

இனி ஓரங்களைப் பற்றி. புதியவர்களின் கண்ணீரில் பாதி இந்த ஓரங்களிலேதான் சிந்தப்படுகிறது என்று தயங்காமல் சொல்வேன். 15 தையலோடு தொடங்கிய துண்டு பத்தாவது வரிசையில் 9 தையலாகி, கூம்பிக்கொண்டே போகும். அல்லது 20 தையலாகி, விசிறியாகும். இதன் மூலகாரணம் திரும்பும் இடத்தில் போடும் சங்கிலியின் ஸ்தானத்தை அறியாமை. இரண்டு சுற்றுத் தையலின் உயரம் ஏறக்குறைய நான்கு சங்கிலிகளின் உயரம். ஆகையால் வரிசை முடிந்ததும் நான்கு சங்கிலி போட்டுத் துண்டைத் திருப்புகிறோம். அந்த நான்கு சங்கிலியும் சேர்ந்து புதிய வரிசையின் முதல் தையலாகக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. முதல் தையல் இவ்வாறு ஏற்கெனவே நின்றுவிட்டபடியால், அதற்கு நேர் அடியில் இருக்கும் தையலில் ஊசியை நுழைக்கலாகாது; அதற்கு அடுத்ததில்தான் நுழைக்க வேண்டும். அதே காரணத்தால், வரிசையின் கடைசித் தையலைக் கீழ் வரிசையின் திரும்பு சங்கிலியுடைய நான்காவது கண்ணியில், அதாவது அதன் உச்சியில், போட வேண்டும். அந்த உச்சி மற்றத் தையல்களின் தலைகளைப்போல் தெளிவாகத் தெரியாமல் ஒதுங்கிக் கிடப்பதால், அதைத் தையலென்றே கருதாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறைந்துகொண்டே போகிறது. அடியிலுள்ள தையலிலும் ஒன்று போட்டுவிடுபவர்களுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகிறது. 18 சங்கிலியிலே முதல் நான்கை விட்டுத் தொடங்கினோமல்லவா, அந்த நான்கும் ஒரு தையல், மிஞ்சிய 14 சங்கிலியில் 14 தையல், ஆக 15. இந்தக் கணக்கு ஒவ்வொரு வரிசையிலும் மாறாமல் வர வேண்டும்.

இதற்கு ஓர் எளிய உபாயம் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களின் வளையலில் எப்போதும் ஒன்றிரண்டு ஊக்குகள் கோத்திருக்குமே, அவற்றில் ஒன்றைக் கழற்றி, திரும்பு சங்கிலி போட்டவுடனே அதன் நான்காவது கண்ணியில் மாட்டிவிடுங்கள். அடுத்த வரிசையில் அந்த இடத்துக்கு வந்ததும், ஊக்கை எடுத்துவிட்டு அதே கண்ணியில் ஊசியைச் செலுத்துங்கள். ஏழெட்டு வரிசைகள் இப்படிச் செய்தவருக்குப் பிற்பாடு ஊக்கு தேவைப்படாது. கண் அந்த இடத்தைத் தானே கண்டுகொள்ளும். கை தளர்ந்தவர்களுக்கு நான்கு சங்கிலி ஓரத்தில் வளைந்து துருத்திக்கொண்டு நிற்பதுண்டு. அவர்கள் மூன்றே போட்டு அதையே ஒரு தையலாகக் கொள்ளலாம். இதில் சாஸ்திர விரோதம் ஏதுமில்லை.

புத்தகங்களைப் பார்த்துப் பழகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நான் இங்கே விவரித்த இரண்டு சுற்றுத் தையலை அமெரிக்கப் புத்தகங்கள் 'ட்ரெபிள்' என்று குறிக்கின்றன. ஆங்கிலேயரின் புத்தகங்களில் அதற்கு 'டபுள் ட்ரெபிள்' என்று பெயர். ஆங்கிலேயர் வெறும் 'ட்ரெபிள்' என்று சொல்வதோ ஒரே சுற்றுள்ள மற்றொரு தையல். ஒரு முறைப்படி எழுதியதை மற்றொரு முறைப்படி பின்னினால் விரிப்பு விரிப்பாக வராது. புத்தகத்தில் 'சிங்கிள் குரோஷே' என்ற பெயர் எங்கேனும் காணப்பட்டால், அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம். இந்தக் குழப்பமே வேண்டாம் என்பவர்களுக்கு, ஜப்பானியப் பின்னல் புத்தகங்களில் வரும் குறியீட்டுப் படங்களைச் சிபாரிசு செய்வேன். அங்கே உயரமான தையல் ஒவ்வொன்றும் ஒரு செங்குத்துக் கோடு, அதன் தலையில் ஒரு குறுக்குக் கோடு. உடலிலே சுற்றுக்கு ஒன்றாகச் சாய்ந்த கீற்றுகள். இரண்டு கீற்றுகள் இருந்தால் இரண்டு சுற்று. துணியிலே நீங்கள் எண்ணிப் பழகிய அதே கீற்றுகள் காகிதத்திலும் இருக்கக் காண்பீர்கள். பாஷை தெரியாதவரும் அந்தப் படத்தைப் படித்துவிடலாம்.

நெட்டைத் தையல் கைவந்துவிட்டால் என்ன செய்யலாம் என்பதற்கு ஐர்லாந்து தேசத்தின் லேஸ் வேலையைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தோன்றவில்லை. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழியத் தொடங்கி, பஞ்சம் அந்நாட்டை வாட்டியபோது, கன்னிகா மடங்களும் பாதிரிமார்களின் மனைவியரும் ஏழைக் குடும்பங்களுக்குக் குரோஷே கற்பித்து, அதன் வருமானத்தால் அவர்களைக் காக்க முயன்றார்கள். 1847இல் மோனகன் பிரதேசத்துக் குளோன்ஸ் என்னும் ஊரில் கசாண்ட்ரா ஹாண்ட் என்ற அம்மையார் தொடங்கிய முயற்சி அவற்றுள் பிரசித்தமானது. சங்கிலியால் ஒரு வளைவு அமைத்து, அதற்குள் குட்டை, நடுத்தரம், நெட்டை, மறுபடி நடுத்தரம், குட்டை என்று தையல்களை ஏற்றி இறக்கினால் ஓர் இதழ் பிறக்கிறது. அப்படிப் பல இதழ்களை அடுக்கி ரோஜா மலரைச் சமைத்தார்கள் அந்தப் பெண்கள். பசியோடிருந்தவர்கள், முன்பின் பழக்கமில்லாதவர்கள், ஒரு கொக்கியும் சிறிது நூலும் கொண்டு இந்த வித்தையைக் கற்றுச் சம்பாதித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் உருகுகிறது. நம் தென்கோடியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையாரும், பிறகு இடையன்குடியில் அவருடைய மகளும் கால்டுவெல் ஐயரின் மனைவியுமான எலைசா அம்மையாரும் பெண்களுக்குக் கற்பித்த லேஸ் வேலை வேறு வகை. அதற்குத் திண்டும், குண்டூசிகளும், பல நூற்கட்டைகளும் வேண்டும். குரோஷேயில் அந்த முஸ்தீபு இல்லை.

ஆந்திர தேசத்தில், கோதாவரிக் கரையோரத்து நரசாபுரம் பக்கத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் மூலமாகக் குரோஷே வேரூன்றி, இன்றளவும் ஆயிரக்கணக்கான பெண்களின் ஜீவனத்துக்கு ஆதாரமாயிருக்கிறது. 2024இல் அந்த லேசுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் அப்பெண்கள் உழைப்புக்குத் தக்க கூலி பெறாமல் இருந்த நிலையை மரியா மீஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1982இல் வெளியிட்ட புத்தகத்தில் விவரித்திருக்கிறார். நெசவும் துணிப் பின்னலும் ஆலைக்குப் போய்விட்ட இக்காலத்திலும் மெய்யான குரோஷே வேலை மனிதர் கையாலேயே நடக்கிறது. ஆகவே கடையில் ஒரு குரோஷே விரிப்பு மிக மலிவாகக் கிடைக்குமானால், யாரோ ஒருத்தியின் பொழுதுக்கு விலை கொடுக்கப்படவில்லை என்றே பொருள். தாமே ஒரு சாண் துண்டு பின்னிப் பார்த்தவர்கள் பேரம் பேசமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக, 15 தையல் துண்டு நேராக வரத் தொடங்கியதும் என்ன பின்னுவது என்ற கேள்வி. நெட்டைத் தையல் காற்றோட்டமானது. நூலைக் குறைவாக விழுங்கி, விரைவில் வளர்வது. பருத்தி நூலில் போட்டால் நம் வெயிலுக்கு உகந்த மெல்லிய மேல்துண்டு கிடைக்கும். 30 சங்கிலி போட்டு 27 தையல் அகலத்தில் தொடங்குங்கள். வரிசைக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உயரம் வருமாதலால், 80 வரிசை அளவில் தோளில் போட்டுக்கொள்ளும்படியான நீளம் ஆகிவிடும். முடிந்தவுடன் அதன் தோற்றத்தைக் கண்டு ஏமாற்றம் அடையவேண்டாம். நெட்டைத் தையல்கள் ஊசியிலிருந்து இறங்கும்போது சற்றுச் சாய்ந்தும் முறுகியும்தான் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முறுக்காமல் துவாலையில் வைத்து ஒற்றி, தரையில் ஒரு போர்வையை மடித்து விரித்து அதன்மேல் பரப்பி, நான்கு மூலைகளையும் முதலில் சதுரமாக நிறுத்தி, பிறகு ஓரங்களில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகத் துருப்பிடிக்காத குண்டூசிகளைக் குத்துங்கள். நிழலில் உலரட்டும். ஈரம் முழுவதும் போவதற்கு முன்னே குண்டூசிகளை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் ஓரம் மறுபடியும் சுருங்கிக்கொள்ளும்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
மூத்த பின்னல்காரி ஒருத்தி